காய்க்காத கண்டல்

காய்ந்த இலைகளை அடைத்த சாக்கை நான் படகிலிருந்து இறக்கி வைத்ததும் மிஸ்ஸின் முகம் மாறிய அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உப்புத் தண்ணீரில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்களை ஆராய வந்த அதிகாரி அவர். என் வயதுதான் இருக்கும். குறிஞ்சாக்கேணிப் பக்கம் கடலோடு சேர்ந்த களப்பில் நண்டு பிடிக்கும் என்னைப் படகோட்ட வைத்திருந்தார். எங்கள் ஊர் வழக்கில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் 'நானா' என்பார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கூச்சக்காரன். கேட்டால்தான் வாய் திறப்பேன்.

எங்கள் களப்பில் இரண்டு வகைக் கண்டல்கள் என்றுதான் அவருடைய அட்டவணை சொன்னது: பெரிய இலை, சின்ன இலை. ஒவ்வொரு மரமாக இலையை அளந்து தகடு கட்டினார். கரை அரித்த இடத்தில் நடுவதற்குக் காய்கள் தேவைப்பட்டபோது, எல்லாவற்றிலும் உயர்ந்து பூத்துக் குலுங்கிய ஒன்றைத் தாய்மரமாகத் தெரிந்தெடுத்தார். பெரிய இலை என்று எழுதி, அடியில் வலை கட்டினார். "விழுறதையெல்லாம் சேர்த்து வையுங்கோ நானா" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். முந்திய வருடம் இதேபோல் வலை கட்டி, உதிரும் இலைகளை நிறுத்துப் பார்த்தவர் அவர். இதுவும் இலைக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர் சாக்கைக் கிளறினார். "எங்க நானா காய்?"

"காயா மிஸ்?"

"ரெண்டு மாசம்! ஒண்டு கூடவா விழேல்ல? ஆரும் எடுத்திட்டினமோ?"

கூட வந்திருந்த பெரிய அதிகாரி சிரித்தார். "காவலுக்கு விட்ட ஆளைத்தான் முதல்ல விசாரிக்கோணும்."

எனக்குக் காது சுட்டது. கள்ளன் என்ற பெயரோடு அந்தக் களப்பில் எப்படி வலை போடுவேன்?

"இது காய்க்காது மிஸ்" என்றேன். எதிர்பார்த்ததை விடக் குரல் பலமாக வந்தது. "பூக்கும், கொட்டும், அவ்வளவுதான். நாங்க இதுக்குக் கீழதான் படகக் கட்டிச் சோறு தின்னுற. மத்தக் கண்டலுக்குக் கீழ இருந்தா காய் ஈட்டி மாதிரி வந்து மண்டையில குத்தும், கறிச்சட்டிக்குள்ளயும் விழும். வாப்பாட காலத்திலயும் இதிலதான் கட்டின."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கல்லியே மிஸ்."

அவர் ஒரு பூங்கொத்தை ஒடித்து விரித்துப் பார்த்தார். சின்ன இலையில் ஒரு காம்பில் இரண்டே பூ, இதழ் வழுவழுப்பு. பெரிய இலையில் காம்பு நீளம், பூ அதிகம், இதழில் மயிர். இதிலோ காம்பும் நடுத்தரம், பூவும் நடுத்தரம், மயிரும் அங்கொன்றும் இங்கொன்றும். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு வகைக்கும் பிறந்த கலப்பு. காத்து மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் செய்து வைச்ச கலியாணம். அதுதான் காய்க்கேல்ல" என்றார். இலையை மட்டும் பார்த்து ஏமாந்துபோனதைப் பெரியவர் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டார். அட்டவணையில் அளவுகோல் வைத்து மூன்றாவது வரிசை கீறினார். அன்றே நான் காட்டிய மரங்களின் கீழ் சாக்கு நிறையக் காய் பொறுக்கினோம். பெரியவரும் குனிந்து பொறுக்கினார்.

அதன் பிறகு சந்தேகமான மரத்தைக் கண்டால் அளவுகோலை எடுக்குமுன் மிஸ் கேட்பார்: "நானா, இதுக்குக் கீழ இருந்து சோறு தின்னுவீங்களா?"

இப்போது அவர் மாற்றலாகி வேறு மாவட்டத்தில் இருக்கிறார். போன மாதம் புதிய அதிகாரிகள் இருவர் என் படகில் வந்தார்கள். "இஞ்ச கண்டல் ரெண்டு வகைதானே?" என்று ஒருவர் மற்றவரிடம் கேட்டார்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "மூணு, சார்" என்றேன்.