அவரை முதல் கொத்தவரை வரை

திரையில் ஆங்கிலப் பெயர்கள் சரசரவென்று ஏறி மறைந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் வலைப்பதிவு மென்பொருளின் பழைய கோப்பு. மறைந்தால் சர்வரில் அது இல்லை. நாகலக்ஷ்மி துண்டு மடித்தபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவளுடைய படங்களின் தமிழ்ப் பெயர்கள் ஓடின. அவரைப் பந்தல். அவரைப் பூ.

துண்டைப் போட்டுவிட்டு நிறுத்து என்ற பொத்தானை அமுக்கினாள். நிற்கவில்லை. மறுபடி அமுக்கினாள். கத்தரி போனது. கொத்தவரை போன பிறகு நின்றது.

"முடிஞ்சுதா?" என்றார் கணவர் மணியன், சோபாவிலிருந்து.

"முடிஞ்சுது. கொத்தவரையோட முடிஞ்சுது."

பிஸ்கட்டவேயில் வீடு வாங்கிய வருஷம் தொடங்கிய காய்கறித் தோட்ட வலைப்பதிவு அது. வாரநாட்களில் மருந்துக் கம்பெனியில் புள்ளிவிவரம் சரிபார்ப்பாள். மற்ற நேரத்தில், நாற்றை எப்போது வெளியே வைக்கலாம், மான் மேயாமலிருக்க எந்த வலை கட்டலாம் என்று எழுதுவாள். டெக்சஸிலிருந்தும் படித்தார்கள். படங்கள் சர்வரில் மட்டும்தான் இருந்தன. எடுத்த போன் எப்போதோ மாறிவிட்டது, பழைய லேப்டாப் செத்துவிட்டது.

பழைய பதிப்பை மாற்றாவிட்டால் தளத்தை மூடுவோம் என்று சர்வர்காரர்கள் எழுதியிருந்தார்கள். மென்பொருளின் இரண்டு ஃபோல்டர்களை முழுக்க அழித்துவிட்டுப் புதியதைப் போடு, மூன்றாவது உன்னுடையது, அதைத் தொடாதே என்றது மென்பொருளோடு வந்த குறிப்பு. அப்படியேதான் செய்தாள். அவளுடைய படங்கள் முதல் ஃபோல்டருக்குள் இருந்தது குறிப்பு எழுதியவனுக்குத் தெரியாது. அவளுக்கும் மறந்துபோயிருந்தது.

தளத்தை நிறுவிக் கொடுத்த சபரி டெக்சஸில் பிளானோவில் இருந்தான். போன் செய்தாள்.

"பேக்கப் எடுத்தீங்கல்லக்கா?"

"எடுத்தேன். டேட்டாபேஸ்."

"அதுல எழுத்து மட்டும்தானே இருக்கும்."

"இப்போ தெரியுது."

"போட்டோஸ் எப்படி ப்ரோக்ராம் ஃபோல்டருக்குள்ள போச்சு?"

"தமிழ்ப் பேரு வெச்சா அப்லோட் ஆகலன்னு உங்கிட்டதானே கேட்டேன். நேரா இமேஜஸ் ஃபோல்டர்ல தள்ளுங்கன்னே. தள்ளினேன்."

"நான் சொன்னது உங்க இமேஜஸ் ஃபோல்டரைக்கா. நீங்க தள்ளினது சாஃப்ட்வேர்காரங்களோடது."

"ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சவன் யாரு?"

"சத்தியமா நான் இல்ல. பேசாம இங்கிலீஷ்லயே பேர் வெச்சிருக்கலாம் நீங்க."

"அந்த ஃபோல்டர்ல இங்கிலீஷ் பேரோட இருந்திருந்தா மொத்தமும் போயிருக்கும். அதுங்களோட இதுவும் ஓடுதுன்னு நான் பாத்திருக்கவே மாட்டேன்."

சபரி, "இனிமே எதையும் அழிக்காதீங்க. மிச்சத்தை லேப்டாப்ல இறக்கிக்குங்க. பழைய ஃபோல்டருக்கு வேற பேரு குடுத்துட்டு புதுசைப் போடுங்க. நல்லா ஓடுதுன்னு பாத்துட்டு அப்புறம் அழிக்கலாம்" என்றான்.

"இதைக் காலையில சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே."

"கேட்டேன். இன்ஸ்ட்ரக்ஷன்ல இருக்கற மாதிரி பண்ணுங்கன்னே."

"ஒரு மீட்டிங்ல இருந்தேன்க்கா."

வைத்துவிட்டாள். சர்வர்காரர்களின் சாட்டில் கேட்டுப் பார்த்தாள். அவளுடைய பிளானில் ஃபைல் பேக்கப் சேராது என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதில் வந்தது. மிஞ்சிய சுரை, பாகல், புடலை, வெண்டைப் படங்களை லேப்டாப்பில் இறக்கினாள். திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டுப் புதியதைப் போட்டாள்.

மணியன் காபி கொண்டுவந்து வைத்தார். "அவரை இந்த வருஷமும் காய்க்கும்ல. போட்டோ எடுத்துக்கலாம்."

"முதல் வருஷப் பந்தல் இந்த வருஷம் எங்க காய்க்கும்?"

காபியை ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை போட மறந்திருந்தார்.

மறுநாள் ஞாயிறு. புதிய பதிப்பு ஓடியது. மிஞ்சிய படங்களைத் தன் ஃபோல்டருக்கு மாற்றி, பதிவுகளில் இணைப்புகளைத் திருத்தினாள். அவரை, கத்தரி, கொத்தவரைப் பதிவுகளில் வெறும் கட்டங்கள் தெரிந்தன. அவரைப் பந்தல் படம் தெரியவில்லையே ஆன்ட்டி என்று ஸ்வர்ணா என்ற பெண் ஹூஸ்டனிலிருந்து எழுதியிருந்தாள். படம் அழிந்துவிட்டது, பந்தல் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம், குறுக்கே கம்பி வலை என்று பதில் போட்டாள். பெயர் மாற்றிய பழைய ஃபோல்டரை அழிக்கவில்லை. மத்தியானம் பக்கத்து ஊரான எடிசன் போய்ப் பாலும் தயிரும் வாங்கி வந்தார்கள்.