ரெஸ்பெக்டுக்கு இன்னோர் அர்த்தம்

இன்று திருத்தணியில் ஓர் ஆபீசுக்குப் போயிருந்தேன். பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிற என் அக்காவின் கணவர், பாவா, தறிக்குக் கரண்ட் கேட்டு மனு போட்டிருந்தார்.

அதிகாரி எங்களை உட்காரச் சொல்லவில்லை. நிமிர்ந்தும் பார்க்காமல், "வித் ரெஸ்பெக்ட் டு யுவர் பெட்டிஷன், நத்திங் கேன் பி டன்" என்றார்.

வெளியே வந்ததும் பாவா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"இத்தினி வருசமா வந்துகினு கீறேன். இன்னிக்கித்தான் ஒருத்தர் ரெஸ்பெக்ட்னு சொல்றாரு. நீயும் கேட்டே இல்ல?"

"ஆங், கேட்டேன் பாவா."

அந்த இடத்தில் ரெஸ்பெக்ட் என்றால் வெறும் 'குறித்து'. மனுவைக் குறித்து ஒன்றும் செய்ய முடியாதாம்.

மரியாதை கொடுத்த மனுஷனுக்கு நாளைக்கு நல்ல லுங்கியாக ஒன்று கொண்டுபோகிறாராம் பாவா.

அர்த்தத்தை உங்களில் யார் அவரிடம் சொல்கிறீர்கள்? என்னால் ஆகாது.