சிரித்ததற்குத் தண்டனை

தேயிலை விலை படுத்துக்கிடந்த காலம். வேறொரு வழக்கில் சாட்சி சொல்ல ஊட்டி கோர்ட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அரவேணுவில் சிறு விவசாயி. பசுந்தேயிலை விலைக்காக ஃபேக்டரி மேல் வழக்குப் போட்டிருந்தார். காதுவரை மப்ளர். எதைப் பேசினாலும் கடைசியில் ஒரு சிரிப்பு.

ஃபேக்டரி வக்கீல் எழுந்து, "கட்டுப்படியாகிற விலைதான் கொடுக்கிறோம்" என்றார். இவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

நீதிபதி நிமிர்ந்தார். "இது கோர்ட் அவமதிப்பு. ஜெயிலுக்கே அனுப்பலாம், தெரியுமா?"

"கோர்ட்டைப் பாத்துச் சிரிக்கலீங்கய்யா. வெலையைக் கேட்டுத்தானுங்க."

"மன்னிப்புக் கேளுங்க."

"கேட்டுக்கறேனுங்க. அவரு மறுபடி அதைச் சொல்லாம இருந்தாப் போதுமுங்க." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார்.

கோர்ட் கலையும்வரை அவர் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தண்டனை. மப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். "உங்களுக்கு நல்ல தைரியங்க" என்றேன்.

"தைரியமெல்லாம் இல்லீங்க. பயம் வந்தாத்தான் எனக்குச் சிரிப்பு வரும்."

கோத்தகிரி தாண்டியதும், கட்டுப்படியாகாமல் பறிக்காது விட்ட தேயிலை, மரமாக வளர்ந்து நின்றது. அரவேணுவில் இறங்கும்வரை அவர் சிரித்துக்கொண்டே வந்தார். கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.