மறுமுறை கேட்காத கை

பேசுவதுதான் என் வேலை. ஆனால் கேட்பது மனுஷர் இல்லை, மேசைமேல் நிற்கிற ஒரு இரும்புக் கை.

வில்லியனூர் பக்கத்தில் ஒரு பழைய நெல் குடோன். அங்கே பத்துப் பெண்கள் அந்த மிஷினுக்குத் தமிழ் சொல்லித் தருகிறோம். கரண்டியைக் காட்டி “இது கரண்டி” என்று சொல்லணும். “எடுத்து எங்கிட்ட குடு” என்றால் அது பதில் பேசி எடுத்துத் தரணும். தப்பாக எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. அதை வயசானவர்கள் வீட்டுக்கு உதவிக்கு அனுப்பப் போகிறார்களாம். எட்டாவதோடு நின்றவள் நான். இரண்டு வயசுப் பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு வர முடிகிற வேலை இது ஒன்றுதான். இதை விட்டால் கரும்பு வெட்டத்தான் போகணும். மிஷின் முழுசாகக் கற்றுக்கொண்ட மறுநாள் எங்களுக்கு இங்கே என்ன வேலை? தன் இடத்துக்கு வரப்போகிறவருக்குத் தானே பாடம் எடுத்தவர்களுக்கு என் சந்தேகம் புரியும்.

எந்தக் கை?

முதல் வாரம். எங்களோடு உறுவையாற்றிலிருந்து வரும் அஞ்சலை அக்காவிடம் அது குங்குமச் சிமிழை நீட்டியது. அக்கா வாங்கவில்லை. மிஷினைப் பார்த்துக்கொள்ளும் அருண் சார் கோயம்புத்தூர்க்காரர், சின்னப் பையன் மாதிரி இருப்பார். ஓடி வந்து, “வாங்கிக்கங்கக்கா, இதுக்கு இருக்கிறதே ஒரு கைதான்” என்றார்.

அது மேசையின் இடது ஓரத்தில் பூட்டியிருந்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “ஒரு கைன்னா, அது எந்தக் கைன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க சார். பீச்சாங்கையால குடுத்தா நாங்க வாங்க மாட்டோம்.”

மறுநாள் அது வலது ஓரத்தில் இருந்தது.

“இப்ப குடுக்கச் சொல்லுங்க,” என்றார் அக்கா.

சொல்லித் தராத பேச்சு

ஒருநாள் தட்டு எடுக்கச் சொன்னேன். அது, “தோ வரேன், இரு கண்ணு” என்றது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அது நான் வீட்டில் என் பிள்ளையிடம் சொல்வது. இங்கே அதற்கு நான் சொல்லித் தந்ததே இல்லை.

பால்வாடியிலிருந்து போன் வரும்போது பிள்ளையிடம் அப்படித்தான் சொல்கிறேனாம், அதைக் கேட்டிருக்கும் என்றார் அருண் சார். இருக்கலாம். ஆனால் அன்றைக்கு முழுக்க மிஷினுக்கு மேலே இருக்கிற கேமராவுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை அக்கா பக்கத்தில் வந்து காதில் சொன்னார்: “இன்னாடி பண்றது. இனிமே வூட்டுக்காரர்கிட்ட சண்ட போடறதா இருந்தா ஜாடையில போடு.”

மெதுவாகக் கத்துக்கட்டும்

அது வேகமாகக் கற்றுக்கொண்டே போனது. அக்கா ஒரு யோசனை சொன்னார். இரண்டு நாள் நாங்கள் இரண்டு பேரும் சல்லடையை முறம் என்றோம், முறத்தைச் சல்லடை என்றோம். 

மூன்றாம் நாள் அருண் சார் கூப்பிட்டார். “மத்த எட்டுப் பேர் சொல்றதும் சரியா இருக்குது. உங்க ரெண்டு பேர் பேச்ச மட்டும் மிஷின் நம்பறதில்ல” என்றார். திட்டவில்லை. நான் தலை நிமிரவே இல்லை.

பஸ்ஸில் அக்கா டிக்கெட்டை மடித்து வளையலுக்குள் செருகினார். பிறகு சொன்னார்: “நாம அத சந்தேகப்பட்டது போயி, அது நம்மள சந்தேகப்படுது பாருடி.”

வேணாம்

கடைசிச் சோதனை என்றார்கள். பெரிய ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் விருந்தாளி மாதிரி உட்காரணும். கை டம்ளரை நீட்டி, “டீ குடிக்கிறீங்களா?” என்றது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “வேணாம், இருக்கட்டும்” என்றேன். அது டம்ளரைத் திருப்பி வைத்துவிட்டது. வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டார்கள். “பாஸ். இந்த மாசத்தோட முடிச்சிடலாம்” என்றார் அருண் சார்.

நாலு பேர் எதிரில் நான் வாய் திறந்ததே இல்லை. அன்றைக்கு எப்படி வந்ததோ, “சார், எனக்கு டீ வேணும்” என்றேன்.

“வேணாம்னீங்களே?”

“மொத வாட்டி அப்பிடித்தான் சார் சொல்லுவோம். கேட்ட ஒடனே வாங்கிக் குடிச்சா, அலையறான்னு நெனைப்பாங்க. இன்னொரு வாட்டி கேக்கணும்.”

“சரி, நிஜமாவே வேணாம்னா?”

“அப்பவும் வேணாம்னுதான் சொல்லுவோம். மொகத்தப் பாத்து தெரிஞ்சிக்கணும் சார்.”

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அருண் சார் எழுதியதை அடித்துவிட்டு, மிஷினை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். “அப்ப இன்னும் ஆறு மாசம் இழுக்கும்மா.”

வேலை பிழைத்துவிட்டது, இப்போது மிஷின் நாள் பூராவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது, எனக்குத்தான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.