கேள்விதான் வலிக்குது

தொலைக்காட்சியில் முகம் காட்டுவதற்கு முன்னால் அவளுக்கு அந்த நிகழ்ச்சி ரொம்பப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரும். மாமியார்கள் ஒரு பக்கம், மருமகள்கள் மறு பக்கம். காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள் ஒரு பக்கம், பெரியவர்கள் பார்த்துக் கட்டிவைத்தவர்கள் மறு பக்கம். நடுவில் ஒருவர் மைக்கும் கையுமாக நடந்து இரண்டு பக்கத்தையும் தூண்டிவிடுவார். மறுநாள் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அதுதான் பேச்சு. ‘கண்ணாடிக்கா’ என்று எல்லோரும் கூப்பிடும் அவள்தான் அந்தப் பேச்சுக்குத் தலைவி. “அந்த மூலையில உக்காந்திருந்தாளே, அவ புருஷன நினைச்சாத்தான் பாவமா இருக்கு” என்று, முன்பின் தெரியாத குடும்பத்துக்கு நின்ற இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுவாள்.

கடையில் அவள் வேலை, தயாராகி வந்த கண்ணாடியை முகத்தில் பொருத்துவது. ஒரு காது ஏறியும் ஒரு காது இறங்கியும் இருப்பவர்கள் உலகத்தில் பாதிப்பேர். காதில் மாட்டும் கம்பியைச் சூடான காற்றில் காட்டி, இளகியதும் வளைத்து, அவரவர் காதுக்குத் தக்கபடி சரிசெய்து கொடுப்பாள். வந்தவர் மூக்குக்கும் அவள் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். அவ்வளவு கிட்டத்தில் இன்னொரு முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியாது.

“எத்தன பிள்ளைங்கம்மா?”

“இல்லைங்க.”

“அச்சச்சோ. யாருக்குக் குறை?”

அவளுக்குப் பதில் தெரியும். குறை அவள் கணவனிடம். கல்யாணமான புதிதிலேயே பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அவன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறைக்குள் ஒண்டியாக வேலை பார்க்கிறவன். அன்றைக்கு மருத்துவமனை வாசலில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “யார்கிட்டயும் சொல்லாத, என்ன?” அவள் சொல்லவில்லை. அவன் அம்மா ஜாடைமாடையாகக் குத்தியபோதும் சொல்லவில்லை. போகப்போக வருத்தம் பழகிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு நன்றாகவே இருந்தார்கள். மற்றவர்கள்தான் அவர்களை நன்றாக இருக்க விடவில்லை.

அப்படியிருக்கும்போது அந்த நிகழ்ச்சிக்கு ஆள் பிடிக்கிற பெண் ஒருத்தி கடைக்குக் கண்ணாடி போட வந்தாள். பேச்சுவாக்கில் விஷயம் தெரிந்ததும் விடவில்லை.

“பிள்ளை இல்லாதவங்க ஒரு பக்கம், சொந்தக்காரங்க ஒரு பக்கம், மேடம். உங்க மனசுல இருக்கறத ஊருக்கே சொல்லலாம்.”

ஊருக்கே ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்பது அவளுக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு மூக்குக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாமே. வீட்டில் கேட்டாள்.

“உன் இஷ்டம்,” என்றான் கணவன். “என் விஷயம் மட்டும் வேணாம்.”

படப்பிடிப்பு அரங்கம் ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. ஏசி நேராக அவள் தலைமேல். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தும்மல் பிடித்துக்கொண்டது. மூக்கும் கண்ணும் ஒழுக ஆரம்பித்தன. யாரோ ஒரு டிஷ்யூவை நீட்டினார்கள். துடைத்துத் துடைத்து மூக்கு சிவந்துபோனது. ஆனாலும் மைக் கைக்கு வந்தபோது தெளிவாகவே பேசினாள்.

“பிள்ளை இல்லையேன்னு இப்போ எங்களுக்கு வலிக்கல. அது பழகிப்போச்சு. நாங்க ரெண்டு பேரும் சந்தோஷமாத்தான் இருக்கோம். ஆனா போற இடமெல்லாம் கேக்குறீங்க பாருங்க, அந்தக் கேள்விதான் வலிக்குது. தயவுசெஞ்சு கேக்காதீங்க. அவ்வளவுதான்.”

எல்லோரும் கை தட்டினார்கள். சொந்தக்காரர்கள் பக்கமும் தட்டியது. வீட்டுக்கு வந்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது.

நிகழ்ச்சி வந்த அன்று கணவனோடு உட்கார்ந்து பார்த்தாள். அவள் முகம் வந்தது. டிஷ்யூவால் கண்ணைத் துடைத்தாள். பின்னணியில் வயலின் இழுத்தது. “பிள்ளை இல்லையேன்னு” என்றாள். மறுபடி கண்ணைத் துடைத்தாள். எதிர்ப் பக்கத்தில் யாரோ ஒரு அம்மா விம்மினாள். “வலிக்குது” என்றாள். விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

“இவ்வளவுதானா?” என்றான் கணவன்.

அவள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

மறுநாளிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. கண்ணாடியை மாட்டிவிட்டதும் பார்வை தெளிந்த ஒரு பெரியவர் முதல் வேலையாக, “அட, நீதானேம்மா டிவில அழுதது?” என்றார்.

“நான் அழலைங்க. ஏசி ஒத்துக்கல.”

“எங்கிட்ட எதுக்கும்மா மறைக்கிற? அழுதா தப்பில்ல.” அவள் தலையில் கைவைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த டாக்டரின் பெயரைச் சொன்னார். அடுத்து வந்த பெண் தன் அக்காவுக்குப் பலன் கொடுத்த மருந்தைச் சொன்னாள். சிலர் கண்ணாடி வாங்க வரவில்லை, அவளைப் பார்க்கத்தான் வந்தார்கள். முதலாளி அதற்கும் சந்தோஷப்பட்டார். “விடும்மா, உன்னால கடைக்கு நாலு பேர் வர்றாங்க.”

பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் தோழி, இணையத்தில் ஏறிய நிகழ்ச்சியின் அடியில் ஊர்பேர் தெரியாதவர்கள் எழுதியதையெல்லாம் கைபேசியில் படித்துக் காட்டினாள். திமிர் பிடித்தவள் என்றது ஒன்று. தெய்வம் என்றது ஒன்று. சின்ன வயதில் என்ன பாவம் செய்தாளோ என்றது இன்னொன்று. கேள்வியைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. எழுதுவதற்குத்தான் அது அங்கே இல்லையே.

ஆள் பிடித்த பெண்ணுக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

“மேடம், நேரம் பத்தல, அதான் வெட்டிட்டாங்க. ஆனா உங்க பகுதிதான் ரொம்ப நல்லா போயிருக்கு! அடுத்த தடவ சாரையும் கூட்டிட்டு வாங்களேன்?”

போனை வைத்த கோபத்தில் கையிலிருந்த கம்பி ஒன்று பட்டென்று ஒடிந்தது. அது ஒரு வாடிக்கையாளரின் புதுக் கண்ணாடி.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கணவன் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்.

“எங்க கம்பெனிப் பசங்க எல்லாரும் பாத்திருக்காங்க. ‘உங்க பொறுமை யாருக்கும் வராது அண்ணே. வேற ஆளா இருந்தா இன்னொண்ண கட்டியிருப்பான்’னு சொல்றாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்ன சொல்ல?”

“என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்.”

“சிரிச்சேன்.”

அவள் எழுந்துவிட்டாள். “இத்தன வருஷம் வாயக் கட்டிக்கிட்டு இருந்தது உங்களுக்காக. உங்களுக்குப் பாராட்டு விழா நடத்தறதுக்கில்ல. நான் டிவில அழாத அழுகைக்கு ஊரே பாவப்படுது, நீங்க அதுல பேர் வாங்குறீங்க!”

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் அவனே தட்டுப் போட்டுச் சாப்பிட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் அம்மா வந்தாள். கண்ணும் கண்ணீருமாகத்தான் உள்ளே நுழைந்தாள். “ஊர் முன்னாடி அழுதுட்டு வந்திருக்கியே, எங்க முகத்த எங்க வெச்சுக்கறது? குறைய வீட்டுக்குள்ள வெச்சுக்கக் கூடாதா?”

“அத்தை, நான் அழல.”

“நான்தான் ரெண்டு கண்ணால பாத்தேனே!”

கணவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அவன் காது மடல் சிவந்திருந்தது. “அம்மா, போதும். குறை அவகிட்ட இல்ல. எங்கிட்ட. டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. நான்தான் வெளிய சொல்லாதன்னு அவ வாய அடைச்சேன்.”

இத்தனை வருடம் காத்திருந்த வாக்கியம். அத்தை மகனையே பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“பாத்தியா?” என்றாள் மருமகளிடம். “பொண்டாட்டிய ஒருத்தரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னு பழிய தன் தலைல தூக்கிப் போட்டுக்கறான். இப்படி ஒருத்தன் கிடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்.”

“அம்மா, நான் நிஜத்தச் சொல்றேன்!”

“தெரியும்டா கண்ணு. எனக்குத் தெரியாதா உன்ன?”

“ஐயோ, காதுல விழுதா இல்லையா? எங்கிட்டதான் குறை!”

“சரி சரி, கத்தாத. உனக்கு ரத்தக் கொதிப்பு வந்துடும்.”

அவன் தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை. விரலை நீட்டி நீட்டி விளக்கினான், பரிசோதனையின் பெயரைச் சொன்னான், டாக்டரின் பெயரைச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் அத்தையின் முகத்தில் பெருமை கூடிக்கொண்டே போனது. டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது மகனின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவன் சோபாவில் பொத்தென்று விழுந்தான். “என்ன இது? சொன்னா ஏன் புரியல? நான் தமிழ்லதானே பேசுனேன்?”

அவளுக்குக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் சொன்னதை யாரும் நம்பாத எரிச்சலில் இப்போது அவனும் பங்குக்கு வந்திருந்தான்.

அத்தை சும்மா இருப்பாளா? மகனின் பெருந்தன்மையைச் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்த வாரமெல்லாம் அவனுக்குப் பாராட்டு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவரிடமும் அவன் முதலிலிருந்து சொன்னான். வேலை இடத்தில் பையன்களிடம் சொன்னான். “அண்ணியப் பத்தி நாங்க இனிமே பேசல, விடுங்கண்ணே” என்று அவர்கள் கண்கலங்கினார்கள். வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அவள் தட்டு எடுத்து வைக்கும்போது போன் அடித்தது. அவன் சித்தி. வழக்கமாக அவளிடம் நீட்டிவிடுவான். அன்று அவனே எடுத்துக் காதில் வைத்தான்.

“இல்ல சித்தி. அம்மா சொன்னது தப்பு. நீங்க முதல்ல நான் சொல்றதக் கேளுங்க... இல்ல, அவ பக்கத்துல நின்னு சொல்லச் சொல்லல... சித்தி, கேளுங்க...”

மறுமுனையில் சித்தியின் குரல் நிற்காமல் ஓடியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவள் அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.