கதவுக்குள் ஒரு ஸ்பேனர்

காரில் கண்ணாடி ஏறவில்லை, இறங்கவில்லை என்றால் கண்ணாடியக்காவைக் கூப்பிடு என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. பட்டனை அமுக்கச் சொல்லிவிட்டுக் கதவில் காதை வைப்பாள். கோளாறு மோட்டாரிலா, கம்பியிலா, சுவிட்சிலா என்று பிரிக்காமலே சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. கார் ஓட்ட மட்டும் தெரியாது. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்!

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவர் ஷிப்ட் முடிந்து வந்து காரை ஓட்டினால்தான் இவள் வெளிவேலைக்குப் போகலாம். மழை நாளில் கண்ணாடி பாதியில் நின்றுபோன கார்க்காரர்கள் போனில் கெஞ்சுவார்கள்; இவள் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலையே பார்த்து நிற்பாள். அப்படி நின்று நின்று அலுத்துப்போய்த்தான், ஐம்பதாவது வயதில், லைசென்ஸ் எடுத்தே தீருவது என்று கிளம்பினாள். ஐம்பது பேர் பின்னால் உட்கார்ந்து திட்டினாலும் பஸ்ஸை ஓட்டிவிடுவேன், உனக்குச் சொல்லித்தர மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது என்று வீட்டுக்காரர் அவளை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார்.

முதல் டெஸ்டில் வண்டி ஏழு தடவை நின்றுபோனது. இரண்டாவதில் பின்னால் எடுக்கும்போது கம்பத்தை முத்தமிட்டாள். மூன்றாவதுதான் கொடுமை. நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, அதிகாரி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிறீச்சிட்டது. பழக்க தோஷம், அக்காவின் காது அந்தப் பக்கம் போய்விட்டது. கால் பிரேக்கை மறந்துவிட்டது. நிறுத்தக் கோட்டைத் தாண்டி வண்டி நின்றபோது, கம்பி தடம் புரண்டிருக்கிறது சார் என்று அவருக்கு விளக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலாவதும் போனால் ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி வரலாம். ஆகவே அக்கா ஒரு காரியம் செய்தாள். டெஸ்டுக்கு முந்தின நாள் டிரைவிங் ஸ்கூல் வண்டியைத் தன் கடைக்கே வரவழைத்து, அந்தக் கதவைப் பிரித்துப் போட்டாள். கண்ணாடி விழாமல் மேலே டேப் ஒட்டி நிறுத்தினாள். தடம் புரண்ட கம்பியை எடுத்துவிட்டுப் புதுசு கோத்தாள், பழைய கிரீஸை வழித்துப் புதுசு தடவினாள். கண்ணாடி வெண்ணெயாக இறங்கியது, ஏறியது. அதற்கப்புறமும் மனசு கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை பிரித்து எல்லா நட்டையும் முடுக்கினாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

மறுநாள் காலை, அதே அதிகாரி. கனத்த மனுஷர், மடியில் மார்க் போடும் தாள். ஏசி எப்போதோ செத்துப்போன வண்டி. முதல் திருப்பத்திலேயே அவர் பக்கத்துக் கதவுக்குள் ‘டிங்’ என்றது. அடுத்த திருப்பத்தில் இன்னொரு ‘டிங்’. அக்காவின் காதுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளுடைய பத்தாம் நம்பர் ஸ்பேனர்! நட்டை முடுக்கியவள் உள்ளேயே வைத்து மூடியிருக்கிறாள். கண்ணாடி முழுசாக இறங்கினால் இரும்பில் மோதி, அவர் மேலேயே பொடிப்பொடியாக உதிரும்.

அவருக்கோ வியர்த்தது. கை பட்டனுக்குப் போயிற்று. அதற்குள் அக்கா தன் பக்கம் இருந்த கண்ணாடிப் பூட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டாள். மற்றக் கதவுகளின் பட்டன் எதுவும் இனி வேலை செய்யாது. அவர் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, இது ரிப்பேரா என்று கேட்டார். ஆமாம் சார், அது கொஞ்ச நாளாகவே மக்கர் என்று அக்கா சொன்னாள். தன் கையால் சரி செய்த கண்ணாடியைத் தானே ரிப்பேர் என்று சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவள் புளுகு எட்டு வினாடி நிற்கவில்லை. பழுதான வண்டியில் டெஸ்ட் எடுப்பதில்லை, ரத்து என்று எழுதிவிடுகிறேன் என்று அவர் பேனாவைத் திறந்தார்.

ரத்தானாலும் நாலாவது நாலாவதுதான்; ஒரு வருஷம் கண்முன்னால் நின்றது. அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், கையையும் காட்டினாள், வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் அலுங்காமல் நிறுத்தினாள்.

"சார், நான் சொன்னது பொய். கண்ணாடி நல்லாத்தான் இருக்கு, நான்தான் பூட்டி வச்சிருக்கேன். நேத்து இந்தக் கதவைப் பிரிச்சு வேலை பார்த்தேன். என் ஸ்பேனரை உள்ளயே விட்டுட்டேன். கண்ணாடி இறங்குனா உடைஞ்சு உங்க மேலதான் விழும். வண்டியில குறை இல்ல சார், குறை என்கிட்டதான்."

அவர் பேனாவை மூடினார். கதவை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது டிங் என்றது. வண்டியை எடுக்கச் சொல்லித் தலையை ஆட்டினார். மிச்ச தூரத்தை அக்கா எப்படி ஓட்டினாளோ, அவளுக்கே நினைவில்லை. டெஸ்ட் திடலுக்குத் திரும்பி வந்து நிறுத்தியதும் அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தாளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"ஓட்டினது சரி, ஓரம் கட்டினதும் சரி. ஸ்பேனருக்கு மார்க் குறைக்க இந்தத் தாள்ல கட்டம் இல்லம்மா."

பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இறங்கும்போது கதவைக் குழந்தையைத் தொடுகிற மாதிரி மெதுவாகச் சாத்தினார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

டிரைவிங் ஸ்கூல்காரர் தாளைப் பார்த்து வாயெல்லாம் பல்லானார். ஸ்பேனர் கதையையும் கேட்டுவிட்டு, நேராகக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய் உங்கள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். திடல் வாசலில் சீருடையோடு காத்திருந்த வீட்டுக்காரர் விஷயம் தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் டிரைவர் கதவைத் திறந்தார். அங்கே ஆள் இருந்தது.

"அந்தப் பக்கம் வந்து உட்காருங்க," என்றாள் அக்கா. "ஷிப்டுக்கு நேரமாச்சு, டெப்போவுல இறக்கி விட்டுடறேன்."