சாவு வூட்டுக்குக் கடைசிப் பாட்டு

மதகடிப்பட்டிலிருந்து எங்கள் தெரு விசேஷங்களுக்கு ரேடியோ செட் கட்ட ஒருவர் வருவார். ஒல்லியான ஆள். பாட்டு ஓடும்போது ஒலிபெருக்கிக் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே கேட்பார்.

அப்போது என் மகளின் முதல் ஆல்பம் வெளிவந்திருந்தது. ராக், பறை, நடவுப் பாட்டு, டிஸ்கோ என்று எல்லாம் அதில் இருந்தன. ஒரு விமர்சகர் துணிச்சல் என்று எழுதினார். இன்னொருவர் எதிலும் சேராத கலவை என்றார். அவள் இரண்டாமவரை மட்டும் நம்பினாள். கிடாரைப் பரணில் போட்டுவிட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்கு செட் கட்ட வந்தவரிடம் அந்த ஆல்பம் இருந்த பென்டிரைவைக் கொடுத்தேன். எட்டுப் பாட்டையும் போட்டுக் கேட்டார். கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மூணாவது காதுகுத்துக்கு ஆவும் சார். அஞ்சாவது மஞ்சத்தண்ணிக்கு. கடைசிது சாவு வூட்டுக்கு."

"எதிலயும் சேராதுன்னு எழுதிட்டாங்கப்பா."

"எழுதுனவரு எத்தினி வூட்டுக்கு செட்டு கட்டியிருக்காரு?"

எங்கள் வீட்டு ஜன்னல் திறந்தது.

"அண்ணே, அது லவ் சாங்." ஒன்பது நாள் கழித்து மகள் பேசிய முதல் வார்த்தை.

"இருக்கட்டும் பாப்பா. அழுவ வருதுல்ல?"

அவள் சிரித்துவிட்டாள். அன்று மதியம் சாப்பிட்டாள்.

இப்போது எங்கள் பக்கத்துக் கருமாதிகளில் அந்தப் பாட்டுதான் ஓடுகிறது. அவர் நிஜமாகவே தப்பாகப் புரிந்துகொண்டாரா, ஜன்னலுக்குக் கேட்கட்டும் என்று சொன்னாரா, எனக்கு இன்னும் தெரியவில்லை.